வாய் கட்டாத பெட்டி

வெயில் ஏறினால் ஓலை உடையும். அதனால் எங்கள் ஊரில் பெட்டி முடைகிறவர்களுக்கு விடியற்காலமும் பொழுதடைந்த பிறகான கொஞ்ச நேரமும்தான் வேலை நேரம். நடுவில் இருக்கிற நீண்ட பகல், தண்ணீர் எடுக்கவும் விறகு பொறுக்கவும் பதனீர் காய்ச்சவும் ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும் போய்விடும். முந்தின நாள் சாயங்காலமே குருத்தோலையை முற்றத்தில் பரப்பிவிடுவார்கள். ராத்திரிப் பனி இறங்கி ஓலை பதமாகிவிடும். பனி இறங்காத கோடையில் ஆச்சி அதை ஈரச் சாக்கில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைப்பாள். மேலே நானும் தம்பியும் படுத்திருப்போம். இன்றைக்கும் ஈரச் சாக்கு வாடை எங்கேயாவது அடித்தால் எனக்குத் தூக்கம் வருகிறது.

உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில், தேரியின் விளிம்பில் இருக்கிறது ஊர். தேரி செம்மணல் மேடு. ஆடிக் காற்றில் மணல் இடம் மாறும், மூடி வைத்த சோற்றுப் பானைக்குள்ளும் வரும். அந்த மண்ணில் பனை நிற்கும், உடைமுள் நிற்கும், வேறெதையும் நம்பி உட்கார முடியாது. ஆண்கள் மரத்தின் மேல், பெண்கள் மரத்தின் கீழ் என்று பங்கு பிரித்துக்கொண்ட பிழைப்பு. நான் சொல்வது எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளும். 1978-இல் பனையை மாநில மரமாக அறிவித்தார்கள். அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு எப்போது வந்து சேர்ந்ததோ, சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "மரத்துப் பாட்டத்தக் குறைப்பாவளாமா?"

எங்கள் வீட்டு முற்றத்து வேம்படியில்தான் எல்லோரும் கூடுவார்கள். ஆச்சி, சித்தி, மேலவீட்டு மைனி, இடையன்குடியிலிருந்து வாக்கப்பட்டு வந்ததால் கடைசிவரை இடையன்குடி மைனி என்றே பெயர் தங்கிப்போன ஒருத்தி, அவர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் நண்டும் சுண்டும். எங்களுக்கு வேலை ஈர்க்கு எடுப்பது. ஓலையின் ஒவ்வொரு இதழும் நடுவில் ஈர்க்கை வைத்து மடிந்திருக்கும். நுனியில் கீறி, ஈர்க்கைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவ வேண்டும். பாதியில் நின்றால் ஓலை கிழியும், ஆச்சியின் நாக்கு அவிழும். உருவிய ஈர்க்கு வீணாகாது, கட்டி வைத்தால் விளக்குமாறு. பிறகு ஓலையை ஒரே அகலத்துக்கு வார வேண்டும். ஆச்சி கத்தியாலேயே கண்ணளவில் வாருவாள். சித்தி காலத்துக்குச் சவரப் பிளேடு இரண்டை ஒரு மரத்துண்டில் அளவு வைத்துச் செருகி, அதற்குள் ஓலையை இழுத்தார்கள். வேலை சுருக்கு. ஆனால் விரலும் சேர்ந்து வாரப்படும் என்பதால் அதைப் பிள்ளைகளிடம் தரமாட்டார்கள்.

ஓலையை வெட்டி வருவதில் ஒரு சட்டம் இருந்தது. பெரிய மரத்து ஓலை ஆண்கள் ஏறும்போது வரும். சின்னப் பெட்டிகளுக்கு வடலியின் குருத்து போதும், கைக்கு எட்டும், பெண்களே வெட்டிக்கொள்வார்கள். கைக்கு எட்டுகிறது என்பதற்காக இஷ்டத்துக்கு வெட்டிவிட முடியாது. ஒரு குருத்து எடுத்த வடலியில் அடுத்தது விரிகிறவரை கத்தி படக்கூடாது. நடுக்குருத்து போய்விட்டால் பனைக்கு வேறு கிளையில்லை, அத்தோடு முடிந்தது. யாராவது அவசரத்துக்கு இரண்டாவது குருத்தில் கை வைத்தால், "அது ஒம் பேரன் ஏற வேண்டிய மரம் பிள்ளே" என்பாள் ஆச்சி. பேரன்கள் ஒருவரும் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

பெட்டிக்கு அடி போடுவதுதான் கஷ்டம். ஓலைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்று விட்டு ஒன்று கோத்துத் தரையில் ஒரு சதுரம் செய்ய வேண்டும். அதுவரை யாராலும் முடியும். அடுத்து நான்கு மூலைகளையும் திருப்ப வேண்டும். தரையில் படுத்திருந்த ஓலை அங்கேதான் எழுந்து சுவராகும். மூலையில் பிடி தளர்ந்தால் பெட்டி ஆயுளுக்கும் கோணல். நன்றாக முடைந்த பெட்டியின் அடி சதுரமாக இருக்கும், வாய் வட்டமாக இருக்கும். சதுரம் எந்த இடத்தில் வட்டமாகிறது என்று நான் பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடியிருக்கிறேன். அப்படி ஓர் இடம் கிடையாது. பிற்பாடு கல்லூரியில் வடிவ கணிதம் நடத்திய ஆசிரியரிடம் இதைக் கேட்க நினைத்து, வெட்கப்பட்டுக் கேட்காமலே விட்டேன்.

கடைசி வேலை வாய் கட்டுவது. சுவர் எழுந்ததும் ஓலை முனைகளை உள்ளே மடக்கி, விளிம்பைச் சுற்றி அகணி நாரால் துன்னூசி கொண்டு இழுத்துக் கட்ட வேண்டும். மட்டையின் உட்பக்கத்தை உரித்து எடுக்கிற அகணியில் இருக்கிறது பெட்டியின் உறுதி. வாய் கட்டாத பெட்டியில் எதையும் அள்ளவும் முடியாது, அது விலைக்கும் போகாது. ஊரில் அத்தனை பேருக்கும் ஆச்சிதான் வாய் கட்டிக் கொடுத்தாள். அதற்குக் காசு கிடையாது. பதிலுக்கு ஒருத்தி இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாள், ஒருத்தி ஓலை வாரிக் கொடுப்பாள், மேலவீட்டு மைனி தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். பெட்டி, அடி போட்ட ஓலை யாருடையதோ அவளுக்கு. ஆனால் நடுவில் அவள் எழுந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனால் பக்கத்தில் இருப்பவள் எடுத்து நான்கு சுற்று ஓட்டியிருப்பாள். திரும்பி வந்தவள் அதைப் பார்த்த மாத்திரத்தில் யார் கை என்று சொல்லிவிடுவாள். சித்தியின் கை இறுக்கம். மைனியின் கை சாய்வு. என்னுடையதைப் பார்த்தால் எல்லோருக்கும் சிரிப்பு.

பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. பதனீர்க் காலம். காலையில் இறக்கிய பதனீரைத் தாழியில் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. அதை அடுக்கப் பெரிய பெட்டி வேண்டும், கடைக்கு அனுப்பக் கொட்டான் வேண்டும். சுக்கும் மிளகும் போட்ட சில்லுக்கருப்பட்டிக்கு உள்ளங்கை அளவு மூடிப்பெட்டி, அதுவும் சாயம் போட்டது. திருச்செந்தூர்க் கோயில் வாசலில் அது பெட்டியோடுதான் விலைபோகும். ஆவணித் திருவிழா நெருங்கும்போதும், குலசை தசராவுக்கு முன்னும் வியாபாரி சைக்கிளில் வந்து நெருக்குவார்.

சாயம் போடுகிற நாள் எங்களுக்குத் தீபாவளி. பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் கொதிக்கும். பொட்டலத்தைப் பிரித்துக் கொஞ்சம் தூவினால் போதும், தகரம் முழுக்க ரோஸ். அடுத்தது பச்சை, அதற்கடுத்தது ஊதா. வாரிய ஓலையை முக்கி எடுத்து வேப்பங்கிளையில் தொங்கவிடுவார்கள். விரல் நகக்கண்ணில் ஏறிய ரோஸ் ஒரு வாரம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பனையேறி வீட்டுப் பிள்ளைகள் யார் யார் என்று கையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதைச் சொல்லிக் கேலி செய்தவர்கள் உண்டு. கேலி செய்தவர்கள் வீட்டிலும் அரிசி புடைத்தது நாங்கள் கட்டிய சுளகில்தான்.

இடையன்குடி மைனி மட்டும் ஓலைக்குப் புதிது. அவளுக்குத் தெரிந்தது ரேந்தை. 1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்த கால்டுவெல்லின் மனைவி எலைசா அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். எலைசாவின் தாய் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் அதற்கு முன்பே தொடங்கிவைத்த வேலை அது. பாட்டி, தாய், மகள் என்று தலைமுறையாக இறங்கி மைனியிடம் வந்திருந்தது. தலையணை மாதிரி ஒன்றின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை இடம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போவாள். சீமையில் மேசை விரிப்பின் ஓரத்துக்குப் போகுமாம். "கண்ணு அவிஞ்சு போவும் எக்கா, ஓலை எவ்வளவோ தேவல" என்று சொல்லிக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருக்கவில்லை. மூடிப்பெட்டியின் விளிம்பில் நாரை வளைத்து வளைத்துப் பூ வேலை செய்தாள். "பெட்டிக்கு எதுக்கு ஓரம்?" என்று ஆச்சி முகத்தைச் சுழித்தாள். வியாபாரி அதற்கு மட்டும் கூடுதல் விலை கொடுத்த பிறகு சுழிப்பு நின்றது, ஆனால் கடைசிவரை தன் பெட்டியில் அதைச் செய்ய விடவில்லை.

எங்கள் பகுதியிலிருந்து கடல் தாண்டிப் போன இன்னொன்று தும்பு. வடலி மட்டையின் அடிப்பகுதியைத் தட்டிச் சீவி எடுக்கிற முரட்டு இழை, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போய்த் தூரிகையும் துடைப்பமும் ஆனது. வெள்ளைக்காரன் தெருவை நம்ம பனைதான் கூட்டுகிறது என்று சித்தப்பா பெருமையாகச் சொல்வார். எங்கள் தெருவைக் கூட்ட ஈர்க்குமாறு.

எதுவும் ஒரு பிறவியோடு முடிந்துவிடாது. புதுச் சுளகு அரிசிக்கு. நுனி தேய்ந்தால் உளுந்துக்கும் பயறுக்கும். அதன் பிறகு கருவாடு காயப்போட. ஓட்டை விழுந்ததும் ஆச்சி காகிதம் ஊறப்போடுவாள். பழைய பேப்பர், கல்யாணப் பத்திரிகை, எங்கள் அரைப்பரீட்சைத் தாள் எல்லாம் பானைத் தண்ணீரில் நாலைந்து நாள் ஊறி நாறும். அதை ஊறிய வெந்தயத்தோடு ஆட்டுரலில் போட்டு ஆட்டினால் கூழாக வரும். கிழிந்த சுளகுக்கும் பெட்டிக்கும் உள்ளும் புறமும் அந்தக் கூழை அப்பிக் காயவைத்தால் தட்டினால் டக்கென்று சத்தம் வரும் கெட்டிப் பாத்திரம். வெந்தயக் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார்கள். என் கணக்குத் தாள் ஒன்று அப்படி மிளகாய்ப்பெட்டியாகிப் பல வருஷம் அடுக்களையில் இருந்தது. மதிப்பெண் வெளியே தெரியாத பக்கத்தில்தான் இருக்கும் என்று நம்பி நிம்மதியாக இருந்தேன்.

பழஞ்சேலையைக் கிழித்து மூன்று பேர் நின்று முறுக்கினால் கயிறு. ஒருத்தி ஒரு முனையைத் திரிப்பாள், ஒருத்தி மறுமுனையைப் பிடித்துப் பின்னால் நகர்வாள், நடுவில் நிற்பவள் புரி புரியாகச் சேர்த்து விடுவாள். கிணற்றுக்கு ஆகாது, கொடிக்கும் ஆட்டுக்கும் ஆகும். அதையே சுற்றிச் சுற்றித் தைத்தால் மிதியடி. யார் சேலை என்பது மிதிக்கும்போதெல்லாம் தெரியும். "பெரியவ கல்யாணத்துக்கு எடுத்தது" என்று யாராவது சொல்வார்கள், அடுத்த அரைமணி நேரம் அந்தக் கல்யாணத்தில் பந்தி எப்படிக் கலைந்தது என்ற கதை ஓடும். சர்க்கரை வந்த சணல் சாக்கின் தையல் நூலைப் பிரித்து உருண்டையாகச் சுற்றி வைப்பார்கள். நார்க்கட்டில் தொய்ந்தால் ஆண்கள் வருவார்கள். சட்டத்தில் காலை ஊன்றி நாரை இழுக்கிற வேலை அது. புது நார் பற்றாத வருஷங்களில் கால்மாட்டில் சேலைக் கயிறு ஓடும். மேலே நார், கீழே பெரியவள் கல்யாணச் சேலை. அதில்தான் நான் வளர்ந்தேன்.

வயர் கூடை வந்தது எண்பதுகளில். டவுனுக்குத் தையல் படிக்கப் போன ஒரு பெண் கட்டு கட்டாகப் பிளாஸ்டிக் வயரோடு வந்து, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளின் பெயர்களைச் சொன்னாள். மெட்ராஸில் பலசரக்குக் கடையில் நின்ற மாமா, சரக்குப் பெட்டிகளைச் சுற்றிக் கட்டி வரும் பிளாஸ்டிக் பட்டைகளைத் தூக்கிப்போட மனசில்லாமல் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். ஆச்சி ஒரு பட்டையை எடுத்து நீவிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். "பதம் பாக்க வேண்டாம், நனைக்க வேண்டாம், கிழியாது. நல்லாத்தான் இருக்கு" என்றாள். அன்றைக்கே அதில் அடி போட்டு மூலை திருப்பிவிட்டாள். ஓலையின் புனிதம், பிளாஸ்டிக்கின் தீட்டு என்கிற பேச்செல்லாம் பின்னால் வந்தவர்கள் கொண்டுவந்தது. அந்த முற்றத்தில் நீளமாக எது கிடைத்தாலும் அதைக் கோத்துப் பார்த்தார்கள். பட்டையில் செய்த அந்தக் கூடை இன்னும் இருக்கிறது. ஓலைப்பெட்டி எதுவும் இல்லை. ஆச்சியிடம் இதைச் சொன்னால், மக்கிப் போனதால்தானே அடுத்ததுக்கு வேலை வந்தது என்று கேட்டிருப்பாள்.

அதனால்தான், பிளாஸ்டிக் வந்து ஓலையைக் கொன்றுவிட்டது என்று மேடையில் யாராவது பேசினால் எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை. பிளாஸ்டிக் சந்தையைக் குறைத்தது உண்மை. ஆனால் ஓலை நின்றது மரத்தில். ஒரு பனையேறி விடிவதற்கு முன்னும் பொழுது சாயும்போதும் மரத்துக்கு மரம் ஏறி இறங்குவான். பாளை சீவுவான், காய்ந்த மட்டையைக் கழிப்பான், போகிற போக்கில் நாலு ஓலை வெட்டிப் போடுவான். அந்த நாலு ஓலையில்தான் முற்றம் முழுக்க வேலை நடந்தது. விழுந்தால் இடுப்பு போகும், சில வீடுகளில் ஆளே போயிருக்கிறான். பாட்டம் கட்டிய பிறகு மிஞ்சுவதைக் கையில் வைத்து எண்ணக்கூட வேண்டியதில்லை. 1987-இல் கள்ளுக்கு மறுபடியும் தடை வந்த பின், சுண்ணாம்பு தடவிய பதனீர்க் கலயத்தையும் முகர்ந்து பார்க்க ஆட்கள் வந்தார்கள். சித்தப்பா தன் மகனை ஒரு தடவைகூட மரத்தடிக்குக் கூட்டிப் போகவில்லை. பலசரக்குக் கடைக்கு அனுப்பினார். அவர் செய்தது சரி. ஏறாத மரம் பாட்டத்துக்கு உதவாது. உதவாத மரத்தைச் செங்கல் சூளைக்காரர் லாரி கொண்டுவந்து நிறுத்தி விலை பேசினார். பத்து வருஷத்தில் மேற்குப் பக்கம் வெறிச்சென்று ஆனது.

ஆச்சி ஒரு ஐப்பசியில் போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கட்டிலைத் தூக்கியபோது, அடியில் ஊரார் கொடுத்து வைத்திருந்த பெட்டிகள் அடுக்கியிருந்தன, வாய் கட்டாமல். அவரவர் எடுத்துப்போய்க் கட்டியிருக்கலாம். யாரும் எடுக்கவில்லை. வேம்படியில் உட்கார்ந்து அங்கேயே கட்டினார்கள். ஆச்சி நாரின் முனையை எங்கே ஒளிப்பாள் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தும் யாரும் கவனிக்கவில்லையே என்று சித்தி தன்னையே வைதுகொண்டாள். இடையன்குடி மைனி ரேந்தைக்காரியல்லவா, அவள் முனையைப் பூவாக வளைத்து மறைத்தாள். அந்த வாரம் வந்த வியாபாரி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் ஓரம் வச்சிருக்கிய?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் கூடுதல் விலை கேட்டு வாங்கினாள் மைனி.

சித்தி மகள் இப்போதும் முடைகிறாள். மகளிர் குழு, வங்கிக் கணக்கு, கைபேசியில் ஆர்டர். 2019 சனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது இனிப்புக் கடைக்காரர்கள் ஓலைப்பெட்டி தேடி வந்தார்கள். 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் விநியோகிப்பதாகச் சொன்னார்கள், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் வந்தது. 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நட்ட விதை பாளை விட எப்படியும் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும், அதற்குள் ஏறத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பது அறிக்கையில் இல்லை.

போன கோடையில் நான் அங்கே இருந்தபோது, காரில் ஒருவர் வந்து இறங்கினார். கல்யாணத் தாம்பூலத்துக்கு மூடிப்பெட்டி, ஆயிரம், ஒரே அளவு, ஒரே நிறம். மாதிரிக்கு ஒன்றைக் காட்டினார். விளிம்பில் மைனியின் ஓரம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் சுற்றி வந்ததோ. தங்கச்சி வாங்கிப் பார்த்தாள். கட்டத் தெரியும் என்றாள், விலை பேசினாள், நாள் கேட்டாள். கடைசியில் சொன்னாள்: "அண்ணாச்சி, பெட்டி எத்தனை வேணும்னாலும் நாங்க முடைஞ்சு தாரோம். நீங்க ஓலை வெட்ட ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க."

அவர் கைபேசியை எடுத்து யார் யாருக்கோ பேசிக்கொண்டே தெருமுனை வரை நடந்தார். "மரம் ஏறத் தெரிஞ்ச ஆளு" என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது.